கருகிய காயிலைப் பார்த்த பிறகே கட்டக் கொடுங்கள்

மோட்டார் புகைந்து நின்றுவிட்டால் நம் உழவர் பெருமக்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். அன்று மாலையே அதைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, டவுனில் காயில் கட்டும் கடையில் இறக்கிவிட்டு, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்பார்கள். "ஏன் கருகியது?" என்று கேட்பவர் மிகச் சிலரே. கடைக்காரரும் அதைச் சொல்வதில்லை. அவருடைய வேலை கம்பி சுற்றுவது. கருகியதற்கான காரணமோ பெரும்பாலும் உங்கள் மோட்டார் அறையில் இருக்கிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் காயிலை மட்டும் புதிதாகக் கட்டி மாட்டினால், அதுவும் பழைய காயில் போன வழியே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன், வாய்க்கால் தண்ணீர் எட்டாத ஒரு மேட்டுக்காட்டில், நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது பற்றிப் பேசப் போயிருந்தேன். விழுது இறங்கும் பருவம். நிலத்தில் ஈரம் இல்லை. அந்த விவசாயியின் 7.5 குதிரைசக்தி மோட்டார் ஒரே போகத்தில் மூன்றாம் முறையாகக் கருகிக் கிடந்தது. "கடைக்காரர் மட்டக் கம்பி போட்டு ஏமாற்றிவிட்டார் சார்" என்று முறையிட்டார். மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். எதிரெதிரே இருந்த இரண்டு கட்டுக் காயில்கள் மட்டும் கரியாகியிருந்தன. மற்ற நான்கு கட்டுகளும் வார்னீஷ் பளபளப்புக்கூட மாறாமல் இருந்தன. கம்பி மட்டம் என்றால் எல்லாக் கட்டும் அல்லவா கருகியிருக்க வேண்டும்?

மெயின் சுவிட்சைத் திறந்தால் ஒரு பியூஸ் கட்டையின் பித்தளை வாய் தளர்ந்து, பொறி பறந்து கறுத்திருந்தது. மும்முனையில் ஒரு முனை அவ்வப்போது அறுந்து, மோட்டார் இரண்டு முனையில் ஓடியிருக்கிறது. மாற்ற வேண்டிய சாமானின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதற்குள் மூன்று முறை காயில் கட்டிய கூலியும், கடலையில் ஏறக்குறைய பாதியும் போய்விட்டன.

ஸ்டார்ட்டரில் ரிலே இருந்தும் ஏன் நிறுத்தவில்லை? அங்கேதான் இரண்டாவது தவறு. மோட்டார் தகட்டில் உள்ள 11 ஆம்பியரை அப்படியே ரிலேயிலும் வைத்திருந்தார்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே பொதுவாகக் காயிலுக்குப் போகும் வழியில் இருப்பதால், தகட்டு ஆம்பியரை 0.58 ஆல் பெருக்கி, ஏறக்குறைய 6 ஆம்பியரில் வைக்க வேண்டும். 11-ல் வைத்த ரிலே காயில் கருகும்வரை சும்மா இருந்ததில் வியப்பில்லை. "ரிலே அடிக்கடி விழுகிறது" என்று அதை ஏற்றி வைப்பதும், ஸ்டார்ட்டர் கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டுவதும், பியூசுக்குத் தடித்த கம்பி போடுவதும், காவல் நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டுவது போலத்தான்.

ஆகவே, கடையில் பழைய காயிலை வெட்டி எடுப்பதற்கு முன் அருகில் நின்று பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மட்டும் கருகியிருந்தால் டெல்டா இணைப்பில் ஒரு முனை போயிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கருகி ஒரு பங்கு நன்றாக இருந்தால் ஸ்டார் இணைப்பில் அதே கோளாறு. எல்லாக் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சுமை கூடியிருக்கலாம், வோல்டேஜ் மிகக் குறைந்திருக்கலாம், பம்பு இறுகியிருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் பொட்டாக எரிந்திருந்தால் கம்பியின் பூச்சு உரிந்தது அல்லது ஈரம் புகுந்தது என்று பொருள். உள்ளே இரும்பில் தேய்ந்த தடம் இருந்தால் பேரிங் போய் ரோட்டார் உரசியிருக்கிறது. பேரிங்கை மாற்றாமல் காயில் கட்டுவது வீண் செலவு.

முனை அறுந்தால் தானே நிறுத்தும் 'பிரிவென்டர்' கருவியை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகை சில நேரம் ஏமாந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரே அறுந்த முனையில் ஓரளவு வோல்டேஜை உண்டாக்கிக் காட்டும். ஒவ்வொரு முனையிலும் ஓடும் ஆம்பியரைப் பார்க்கும் வகையே நம்பத்தக்கது.

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டுவதைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பயிர் வாடும்போது கண்டென்சரைத் தேடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் கிடைப்பது சரிசமமான மும்முனை அல்ல. பம்பின் முழுச் சுமையை அதில் இழுத்தால் காயில் மட்டுமீறிச் சூடாகும். வைண்டிங் காப்பு தாங்கும் அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. போதாக்குறைக்கு, கண்டென்சரில் ஓட்டுவதற்காகப் பிரிவென்டரையும் கழற்றி விடுகிறார்கள். பிறகு மறுபடி மாட்டுவதேயில்லை. மெயினை நிறுத்திய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதில் எங்கள் துறையினர் பங்கும் உண்டு. விதை, உரம், மருந்து என்று கூட்டம் கூட்டமாகப் பேசினோம். தண்ணீரை மேலே கொண்டு வரும் மோட்டாரை மின்சாரப் பணியாளர் பாடு என்று விட்டுவிட்டோம். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்த பிறகு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கும் பழக்கமே நம்மிடம் வளரவில்லை. காயில் கட்டும் கூலியை மட்டும் இலவசமாக யாரும் தருவதில்லை.

கடைக்காரர்களில் நாணயமானவர்கள் பலர். இருந்தாலும் சிலவற்றைக் கேட்டு வாங்குவது நலம். பழைய காயிலை எடுக்க மோட்டார் உடலைத் திறந்த நெருப்பில் போட விடாதீர்கள். உள்ளே இரும்புத் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு எரிந்துவிட்டால், எவ்வளவு நல்ல கம்பி சுற்றினாலும் மோட்டார் சூடாகவே ஓடும். கம்பி எந்த கேஜ், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது என்று அறியவும். கழற்றிய செம்பையும் புதிதாகச் சுற்றும் செம்பையும் தராசில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. வார்னீஷ் ஊற்றிய பின் சூடேற்றிக் காயவைக்க நேரம் கொடுங்கள்; அவசரப்படுத்தி ஈரத்தோடு வாங்கி வருபவர்கள் நாமேதான். மெக்கரில் 1 மெகாஓமுக்குக் குறைவாகக் காட்டினால் எடுத்து வர வேண்டாம். கடையிலேயே சுமையின்றி ஓட்டி, டாங் டெஸ்டரில் மூன்று முனையும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் காட்டுகிறதா என்று பார்த்து, அந்த எண்ணையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிணற்றில் மாட்டி ஓட்டியதும் தண்ணீர் குறைவாக வந்தால் உடனே கடைக்காரரைத் திட்ட வேண்டாம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் மெயினை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மெயினிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் மூன்று கம்பிகளில் இரண்டை மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும்.