சில்லின் புழைக்கடை வாயில்

வீட்டு விளக்கு, கதவுப் பூட்டு, கைக்கடிகாரம் முதலியவற்றுள் அமர்ந்து கம்பியின்றிச் செய்தி பரிமாறும் மைக்ரோகண்ட்ரோலர்ச் சில்லுகளைப் பற்றி நமது மாணாக்கர் பலர் இந்நாளிற் பயின்று வருகின்றனர். பெரும்பாலும் இச்சில்லுகளுக்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. உள்ளே எழுதிய புரோகிராம் பிழைபட்டு நின்றால், நேர்ந்தது யாதென்று சில்லை நேரே வினவுதற்கு அதன் ஓரத்தே விடப்பட்டுள்ள சில முனைகளே வழியாம். அவற்றின் வாயிலாகப் புரோகிராமை ஏற்றலாம், ஓடுங்கால் இடையில் நிறுத்தலாம், அடியடியாக நடத்தலாம், நினைவகத்தைப் படிக்கலாம். இதனை டீபக் வாயில் என்பர்.

மின்னணுப் பலகைகளின் பற்றவைப்பைச் சோதித்தற்பொருட்டு 1985இல் கூடிய ஒரு குழுவினர் வகுத்து, 1990இல் நியமமாகிய ஜேடாக் முறையே இவற்றுள் பெயர் பெற்றது. அதற்கு நான்கு கம்பிகளேனும் வேண்டும். ஆர்ம் கம்பெனியாரின் எஸ்.டபிள்யூ.டி. முறைக்கு இரண்டே போதும். கம்பியில்லாச் சில்லை இவ்வாறு நிறுத்திப் பார்ப்பதில் ஒரு சங்கடமும் உண்டு: நாம் நிறுத்தினும் மறுமுனையிலுள்ள கருவி காத்திராது, புளூடூத் இணைப்பு அறுந்தே போம்.

விற்பனைக்குச் செல்லும் பொருளில் இவ்வாயில் திறந்து கிடத்தல் தகாது என்பதில் எமக்கு ஐயமில்லை. வீட்டு வலையின் இரகசியச் சாவி சில்லினுள் இருக்க, குப்பையிற் கிடந்த விளக்கொன்றை எடுத்தவன் அதனைப் படித்துக்கொள்ளல் ஆகுமா? ஆனால் அடைக்கும் விதத்திலேதான் எமது வாதம்.

நார்டிக் கம்பெனியாரின் என்.ஆர்.எஃப்.52 சில்லில் வாயிலைப் பூட்டியபின் உள்ளிருப்பதைப் படிக்க இயலாது. எனினும், முழுவதும் அழித்துவிடுக என்று கட்டளையிட்டால் யாவும் அழிந்து வாயில் மீண்டும் திறக்கும். எஸ்பிரஸிஃப் கம்பெனியாரின் இ.எஸ்.பி.32 சில்லிலோ, ஜேடாக்கை அடைத்தற்கு உள்ளிருக்கும் இ-ஃபியூஸ் ஒன்றை எரித்தல் வேண்டும், எரிந்தது மீளாது. அதன் மூன்றாம் திருத்தத்திலிருந்து, சீரியல் வழியே புரோகிராம் ஏற்றுதலையும் இவ்வாறே என்றென்றைக்கும் அடைக்கலாம்.

யாம் முதலாவதையே விரும்புகின்றோம். பொருளைச் செய்தவர் கடையை மூடிவிட்டால், இரண்டாவது வகையில் யாவும் அடைக்கப்பட்ட பொருளுக்கு விலை கொடுத்து வாங்கியவன் புதுப் புரோகிராம் ஏற்ற வழியில்லை. நல்ல சில்லு குப்பைக்கே போம். அழித்துத் திறக்கும் பூட்டோ இரகசியத்தையும் காக்கும், உடையவனையும் கைவிடாது. மருந்தேற்றும் கருவி போன்றவற்றில், பிறர் அழித்து மாற்றுதலே உயிருக்கு இறுதியாகலாமாதலின், ஆண்டு நிலையான அடைப்பே பொருந்தும் என்பதை மறுக்கமாட்டோம்.

அழித்துத் திறக்கும் பூட்டு உறுதியற்றதென்று சிலர் கூறுவர். 2020இல் ஆராய்ச்சியாளர் ஒருவர், மின்னழுத்தத்தை ஒரு நொடியின் மிகச் சிறு கூறளவு தாழ்த்தி என்.ஆர்.எஃப்.52840இன் பூட்டைத் தாண்டிக் காட்டியது உண்மையே. ஆயின் அதற்கு முந்திய ஆண்டிலேயே இ.எஸ்.பி.32இன் இ-ஃபியூஸுக்குள் மறைத்த சாவிகளும் இத்தகைய உபாயத்தாலேயே வெளிப்பட்டன. இரண்டிற்கும் பொருள் கையில் அகப்படல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு சாவி வைத்தலே தக்க காவல். ஒன்று உடைந்தால் ஒன்றே போம்.

இ.எஸ்.பி.32 பலகையைக் கையாளும் மாணாக்கர், இ-ஃபியூஸை எரிப்பது போன்ற பாவனையை மட்டும் நிகழ்த்தும் வசதி அக்கம்பெனியாரின் மென்பொருளிலேயே உண்டென்பதை அறிக. முதலில் அதில் ஒத்திகை பார்த்து, பின்னர் வேண்டுமாயின் எரிக்க.