கடைசியாகத் திரும்பிய பேருந்து

2021 டிசம்பர் 1 அன்று நாகர்கோவிலிலிருந்து புறப்பட்ட பேருந்துகள் களியக்காவிளையோடு திரும்பிவிடாமல், இஞ்சிவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைந்தன. 2020 மார்ச் இறுதியில் நின்றுபோன போக்குவரத்து அது. இடையில் இருபது மாதங்கள் உருண்டோடிவிட்டன. நாட்டின் பெரும்பகுதிக்கு முதல் ஊரடங்கு அதற்குள் பழங்கதையாகியிருந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையூர்களுக்கோ அன்றுதான் அது உண்மையில் முடிவுக்கு வந்தது.

இந்த ஊர்களின் அமைப்பை அறியாதவர்களுக்கு இது மிகைக்கூற்றாகத் தோன்றலாம். அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் ஆகியவை ஒரே வட்டாரத்து வாழ்வில் கோக்கப்பட்ட ஊர்கள். 1956 நவம்பர் 1 வரை அனைத்தும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியது. விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர வாழ்க்கை பிரியவில்லை. அதியன்னூரை அடுத்த பாலராமபுரத்தின் கைத்தறிக்கு அடித்தளமிட்டவர்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்களே. இன்றும் கொத்தனாரும் பால்வெட்டுத் தொழிலாளியும் மீன்கூடை சுமக்கும் பெண்களும் கல்லூரி மாணவர்களும் அந்தக் கோட்டைத் தாண்டித்தான் அன்றைய நாளைத் தொடங்குகிறார்கள். பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டுக்கு இருபுறமும்தான். எல்லை என்ற ஒன்று இருப்பதை நினைக்காமலே வாழ முடிவதுதான் இவ்வூர்களில் இயல்பு வாழ்க்கை எனப்படுவது.

அந்த இயல்பு எந்த வரிசையில் திரும்பியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு லாரிகளுக்குத் தொடக்கத்திலேயே வழி கிடைத்தது, அது தேவையும்கூட. 2020 மே மாத நடுவில் புதுதில்லியிலிருந்து குளிரூட்டப்பட்ட சிறப்பு ரயில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. மே 25 முதல் உள்நாட்டு விமானங்கள் பறக்கத் தொடங்கின. இணையவழி அனுமதிச் சீட்டு பெற்றவர்களின் கார்கள் சோதனைச் சாவடியைக் கடந்தன. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைநகரோடு தொடர்பு இரண்டே மாதங்களில் மீண்டுவிட்டது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டரை ஒரு பேருந்து கடக்க இருபது மாதங்கள் ஆயின.

காரணம் தொலைவல்ல, பயணச்சீட்டின் விலை. எவருடைய பயணச்செலவு அதிகமோ அவருடைய இயல்பு வாழ்க்கை முதலில் திரும்பியது. எவருடையது குறைவோ அவர் கடைசிவரை காத்திருந்தார். இப்படி ஓர் ஆணையை எவரும் எழுதவில்லை. ஆயினும் எழுதப்பட்ட ஆணைகள் அனைத்தும் கூடி இந்த வரிசையைத்தான் உருவாக்கின. இரு மாநிலங்களுக்குள்ளும் பேருந்துகள் ஓடத் தொடங்கிய பிறகும் அவை எல்லைவரை வந்து திரும்பின. இடைப்பட்ட தூரத்தை மக்கள் நடந்தோ ஆட்டோவிலோ கடந்தார்கள். ஒரே பயணத்துக்கு இரண்டு பேருந்துக் கட்டணமும் ஒரு நடையும் என்பது அன்றாடக் கூலிக்காரருக்குச் சிறு தொகையல்ல.

அச்சத்துக்கு அடிப்படை இருந்தது என்பதை மறுக்க இயலாது. 2020 ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாகக் கேரள முதல்வர் அறிவித்தார். புல்லுவிளை, அதியன்னூர் வட்டார ஊராட்சிக்கு உட்பட்ட கருங்குளத்தின் கடற்கரை ஊர். மறுநாளே திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரம் முழுவதும் அடைக்கப்பட்டது. அத்தகைய நாளில் எல்லையை மூடியதைக் குறைகூறுவது நேர்மையாகாது. கேள்வி மூடியதைப் பற்றியதன்று. திறந்த விதத்தைப் பற்றியது.

2020 ஆகஸ்டிலேயே மாநிலங்களுக்கிடையிலான பயணத்தைத் தடுக்கக் கூடாது என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால், தடுக்காமல் இருப்பதும் பேருந்தை ஓட்டுவதும் ஒன்றல்ல. கதவு தாழிடப்படவில்லை என்பதால் மட்டும் கால் இல்லாதவர் உள்ளே வந்துவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 முதல் கேரளத்திலிருந்து தமிழகத்துக்குள் வருவோர் இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றோ, 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி.பி.சி.ஆர். முடிவோ காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அப்போது கேரளத் தனியார் ஆய்வகங்களில் அச்சோதனைக்கு 500 ரூபாய். சென்னையிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வந்துபோகிறவருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. தடுப்பூசி முழுமையாகக் கிடைக்காத நிலையில் நாள்தோறும் கடக்க வேண்டியவருக்கு அது வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று சோதனை. விதி இருவருக்கும் ஒன்றே, சுமை ஒன்றல்ல.

இவ்வரிசையின் முரணை ஒரு தேதி தெளிவாகக் காட்டுகிறது. 2021 நவம்பர் 1 அன்று கேரளத்தில் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அதே நாளில் தமிழகத்திலும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். எல்லைக்கோடு விழுந்த நாளின் 65ஆம் ஆண்டு நிறைவு அது. இருபுறமும் மணி ஒலித்தது. கோட்டுக்கு அப்புறம் பள்ளி வாய்த்த குழந்தைக்கு மட்டும் நேர்ப் பேருந்து கிடைக்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. வகுப்பறையைத் திறக்க முடிந்த இரண்டு அரசுகளால் வழியை அதனோடு சேர்த்துத் திறக்க இயலவில்லை.

ரயிலின் கதை இன்னும் நீளமானது. பெருந்தொற்றில் நிறுத்தப்பட்ட சாதாரணப் பயணிகள் ரயில்கள் நாடெங்கும் சிறப்பு விரைவு ரயில்கள் என்ற பெயரில் திரும்பின. நிற்கும் நிலையங்கள் பழையவை. கட்டணம் மட்டும் புதியது. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. அது மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது 2024 பிப்ரவரி இறுதியில். அதாவது, ஏழையின் பயணச்சீட்டுக்கு ஊரடங்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது.

இது இந்த ஓர் எல்லையின் துயரம் மட்டுமன்று. 2020 மார்ச்சில் காசர்கோட்டிலிருந்து மங்களூரு செல்லும் வழிகளைக் கர்நாடகம் மண்ணைக் கொட்டி அடைத்தது. மங்களூரு மருத்துவமனைகளையே நம்பியிருந்த நோயாளிகள் தவித்தார்கள். வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்கும் பின்னர் உச்சநீதிமன்றத்துக்கும் சென்றது. ஐரோப்பாவிலும் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரத்துக்கும் சுவிட்சர்லாந்தின் குரூஸ்லிங்கன் நகரத்துக்கும் இடையே வேலி எழுந்தது. குடும்பத்தினரும் காதலர்களும் வேலியின் இருபுறமும் நின்று பேசிக்கொண்டார்கள். ஆனால், அவ்வேலி 2020 மே நடுவிலேயே அகற்றப்பட்டது. இரண்டு நாடுகளுக்கு இரண்டு மாதங்களில் முடிந்தது, ஒரே நாட்டின் இரண்டு மாவட்டங்களுக்கு இருபது மாதங்களில்தான் முடிந்தது.

பெருந்தொற்று மீண்டும் வரலாம். வெள்ளமோ வேறு பேரிடரோ வரலாம். அன்றும் எல்லைகள் மூடப்படலாம். அதற்குள் இரண்டு ஏற்பாடுகள் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாவது, நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் போன்ற அடுத்தடுத்த எல்லை வட்டங்களை ஒரே வாழ்வாதார வட்டாரமாகக் கொண்டு, அங்கு வசிப்போருக்கான நடைமுறையை இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடி வகுக்க வேண்டும். நீண்டதூரப் பயணிக்கான விதியை அன்றாடம் கடப்பவர் மீது அப்படியே சுமத்தக் கூடாது. இரண்டாவது, கட்டுப்பாடுகள் தளரும்போது பொதுப்பேருந்தும் சாதாரண ரயிலும் வரிசையின் கடைசியில் நிற்கக் கூடாது. இருக்கைகளைப் பாதியாக்கலாம், முகக்கவசத்தைக் கட்டாயமாக்கலாம், பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஓடாமல் மட்டும் இருக்கக் கூடாது.

இயல்பு வாழ்க்கை திரும்பிவிட்டது என்று அறிவிக்க அரசுகளுக்குப் பல அளவுகோல்கள் இருக்கலாம்: நோயாளிகளின் எண்ணிக்கை, சந்தையின் விற்பனை, நெடுஞ்சாலையின் நெரிசல். இந்த எல்லையூர்களுக்கு அளவுகோல் ஒன்றுதான். வீட்டிலிருந்து புறப்படும் ஒருவர் நடத்துநரிடம் களியக்காவிளைக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரைச் சொல்லி, ஒரே சீட்டு வாங்கி, இருக்கையில் கண்ணயர முடிகிறதா என்பதே அது.