ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் மீட்பும் பாதுகாப்பும்: கோரிக்கை மனு

நாள்: 16.12.2024

அனுப்புநர்
நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்,
விவசாயிகள், குடியிருப்போர் நலச் சங்கம்,
திண்டிவனம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: புயல் நிவாரணத்தில் விடுபட்டோரைச் சேர்த்தல், உள்வட்டாரங்களுக்கு வெள்ள எச்சரிக்கை, ஏரி வாய்க்கால் சீரமைப்பு, மின்பாதுகாப்பு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். 2011 டிசம்பரில் தானே புயலைக் கண்ட நம் மாவட்டத்துக்கு இது பெரிய காற்றில்லை. கரையேறிய பிறகு நகராமல் நின்றதுதான் வினையாயிற்று. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ., திண்டிவனத்தில் 37 செ.மீ. மழை கொட்டியது. புயல் முன்னேற்பாடு என்றால் மரக்காணம், கோட்டக்குப்பம் கரையோரம்தான் முதலில் நினைவுக்கு வரும், அது சரியும்கூட. இம்முறை அடி விழுந்தது கடலே தெரியாத ஊர்களில். இந்த மனுவின் ஒவ்வொரு கோரிக்கையும் இதிலிருந்தே எழுகிறது.

முதலில் நிவாரணம். இரண்டு நாட்களுக்கு மேல் வெள்ளத்தில் தவித்து வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்குக் குடும்ப அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாய், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பாசன நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என அரசு அறிவித்ததற்கு நன்றி. ஆனால் அட்டையே இல்லாதவர் என்ன செய்வார்? திண்டிவனம், மயிலம், மரக்காணம் பகுதிகளில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பங்களில் பட்டா இல்லாதவர் பலர். குடும்ப அட்டை, சாதிச் சான்று இல்லாதவர்களும் உண்டு. ஏரி நிரம்பினால் முதலில் தண்ணீர் புகுவது அவர்கள் குடிசையில்தான். கையில் காகிதம் இல்லை என்பதற்காகப் பட்டியலில் அவர்கள் கடைசிக்குப் போகக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதும் அறிக்கையையே ஆதாரமாகக் கொண்டு நிவாரணம் வழங்க வேண்டும். மேடான இடத்தில் மனைப்பட்டாவும் நிரந்தர வீடும் அதைத் தொடர்ந்து வர வேண்டும். அதே கரையில் மறுபடி தார்ப்பாய் கட்டிக் கொடுப்பது அடுத்த புயலுக்கு அவர்களை அங்கேயே உட்கார வைப்பதாகும்.

குத்தகை விவசாயிகள் நிலையும் இதுதான். சிட்டா நில உடைமையாளர் பெயரில் இருக்கிறது. நெல்லையும் நிலக்கடலையையும் இழந்தவர் வேறொருவர். ஹெக்டேருக்கு 17,000 என்றால் ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் குறைவு. அதுவும் சாகுபடி செய்தவர் கைக்குப் போகாவிட்டால் கணக்கெடுப்பு எதற்கு? அடங்கலில் உண்மையான சாகுபடியாளர் பெயரைப் பதிந்து அவர் வங்கிக் கணக்கிலேயே தொகையைச் செலுத்த வேண்டும். மணல் மூடிய வயல்களில் மணலை அள்ளும் செலவையும் தனியே வழங்க வேண்டும்.

அடுத்தது தென்பெண்ணை ஆறு. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. ஆற்றங்கரைக் கிராமங்கள் மூழ்கின. அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் அன்று ரயில்களும் நின்றன. முன்னெச்சரிக்கைகள் பலமுறை விடப்பட்டதாக அரசு தெரிவித்துள்ளது. அதை மறுப்பது எங்கள் நோக்கம் அல்ல. கேள்வி வேறு: நள்ளிரவில் விடப்படும் எச்சரிக்கை, இருவேல்பட்டுக் கிராமத்தில் விளக்கணைத்துத் தூங்குகிறவர் காதில் எப்படி விழும்? மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்ட இரவில் குறுஞ்செய்தியும் செயலியும் உதவா. "இத்தனை கன அடி" என்பது பொறியாளருக்குப் புரியும் கணக்கு. எத்தனை மணிக்கு எந்தத் தெருவரை தண்ணீர் வரும் என்பதே மக்களுக்கு வேண்டும். ஆற்றோர ஊராட்சிகள் ஒவ்வொன்றிலும் மின்கலத்தில் இயங்கும் சங்கொலிக் கருவியும், கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தும் ஏற்பாடும், பழைய முறைத் தண்டோராவும் வேண்டும். இந்த டிசம்பரில் நீர் ஏறிய உயரத்தைப் பள்ளிச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் இப்போதே வண்ணத்தில் குறித்துவிடுங்கள். கறை காய்ந்தால் எவருக்கும் நினைவிருக்காது.

ஏரிகளைப் பற்றிப் பலமுறை எழுதியாயிற்று. திண்டிவனம் கிடங்கல் ஏரியின் உபரிநீர் வாய்க்கால்களை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, ஆழப்படுத்த வேண்டும். அங்கு வசிக்கும் ஏழைகளுக்கு மாற்றிடம் தந்த பிறகே அகற்றம். ஏரி நிலத்தில் கட்டப்பட்ட விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் பெருமழைதோறும் நீர் தேங்குகிறது. மோட்டார் வைத்து இறைப்பது வருடாந்திரச் சடங்காகிவிட்டது. நிரந்தர வடிகாலுக்குத் திட்ட மதிப்பீடு கேட்கிறோம். தென்பெண்ணையில் தளவானூர் தடுப்பணை கட்டிய சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்ததையும், அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் அணைக்கட்டு சேதமடைந்ததையும் தாங்கள் அறிவீர்கள். இனிவரும் கட்டுமானங்களின் தரச்சான்றைக் கிராம சபையில் வைக்க வேண்டும்.

மின்சாரம் குறித்துச் சுருக்கமாக: தாழ்வான இடத்து மின்மாற்றிகளை உயரமான மேடைக்கு மாற்றவும், சாய்ந்த கம்பங்களைப் பொங்கலுக்குள் நிமிர்த்தவும், அறுந்த கம்பி குறித்த புகாருக்கு அந்தந்தப் பிரிவு அலுவலகத்திலேயே இரவுப்பணியாளர் இருக்கவும் ஆவன செய்ய வேண்டும்.

புத்தகம், சான்றிதழ் இழந்த மாணவர்களுக்குக் கட்டணமின்றி நகல் வழங்கும் முகாம்களை வட்ட அலுவலகத்தோடு நிறுத்தாமல் ஊராட்சிகளிலும் நடத்த வேண்டும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறச் சொல்வது நியாயமில்லை.

மேற்கண்டவற்றில் நிவாரணம் தொடர்பானவற்றை ஜனவரி மாதத்துக்குள்ளும், எச்சரிக்கை, வாய்க்கால் பணிகளை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் முடிக்குமாறும், வருவாய், நீர்வளம், மின்சாரத் துறை அலுவலர்களுடன் எங்கள் பிரதிநிதிகள் பேசுவதற்கு ஒரு நாள் குறித்துத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்

நகல்: சார் ஆட்சியர், திண்டிவனம், செயற்பொறியாளர், நீர்வளத்துறை, விழுப்புரம், மேற்பார்வைப் பொறியாளர், மின் பகிர்மான வட்டம், விழுப்புரம்.