துருத்தியை நம்பும் படகு

ஆழங் குறைந்த மன்னார்க் கடலிலே, கரையை அணுகியதும் எந்திரத்தைத் தூக்கிவிடுவது நம்மவர் வழக்கம். பேசாலைக் கரையில் நாம் நாளும் காண்பதுதான். எந்திரம் முழுவதும் படகுக்கு வெளியே தொங்குவதால் தீங்கில்லை.

1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வொல்வோ பென்டா நிறுவனத்தார் அறிமுகஞ் செய்த வகையோ வேறு. எந்திரம் படகினுள்ளே, விசிறி பூட்டிய அடிப்பாகம் மட்டுமே வெளியே. இவ்வகையில் பலவற்றில், கியர் மாற்றும் கேபிள் பின்பலகைத் துளையொன்றின் வழியாக நீருக்குள் செல்கிறது. அத்துளையைக் காப்பது, கொல்லன் துருத்திபோல் மடிப்புக்கள் கொண்ட சிறியதோர் இறப்பர் உறை!

நண்பர் ஒருவர் இத்தகைய பழம் படகொன்றை வாங்கி, ஊர் வழக்கப்படியே அடிப்பாகத்தைத் தூக்கி வைத்தார், வாரக்கணக்காக. மடிப்புக்கள் வெடித்தன. ஒருநாள் விடிந்ததும் நாம் சென்று பார்த்தபோது, கட்டிய படகு கட்டியபடியே பாதி அமிழ்ந்திருந்தது. கியர் இறுகுகிறதென்று முன்னரே அவர் முறையிட்டதுண்டு. உப்புநீர் புகுந்து கேபிள் துருவேறியதன் அறிகுறி அது என்பதை நாமும் அறிந்திலோம்.

வெடித்த உறைக்கு ஒட்டுப் போடலாகாது. சைக்கிள் டியூபன்று அது. படகைக் கரையேற்றிப் புதிய உறையும், துருவேறியிருப்பின் புதிய கேபிளும் பூட்டி, துருவேறா எஃகுப் பட்டியால் இறுக்க வேண்டும். பின்னர் நீரிலிறக்கி, ஒரு மணி நேரமேனும் படகினுள் அமர்ந்து கசிவைப் பார்த்த பிறகே வீடு திரும்புக.