எந்தப் பச்சை காடு?

பழனியிலோ வத்தலக்குண்டிலோ உங்கள் தோட்டத்தில் நின்று மலையைப் பாருங்கள். பச்சையாகத்தான் தெரியும். எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் அது பச்சைதான். ஆனால், உங்கள் கிணற்றில் நீர் ஊற வேண்டுமென்றால் மலைமேல் எந்தப் பச்சை இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாட்டின் வனப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரக் கவிகை இருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்ற பேதம் கிடையாது. ஆகவே, அடிவாரத்தில் நீங்கள் வளர்க்கும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இக்கணக்கில் வந்துவிடும். மலையுச்சியில் சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளி வராது. அங்கேதான் மரம் இல்லையே! அந்தப் புல்வெளியைச் சீகை எனப்படும் வாட்டில் மரமும் தைலமரமும் மூடிவிட்டால், ஏட்டில் வனப்பரப்பு உயர்ந்திருக்கும்.

இது விவசாயிக்கு வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. நீலகிரி கிளன்மார்கனில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் ஏறத்தாழ 60 சதவீதப் பரப்பில் தைலமரம் நட்டு, ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பழனி மலையில் பெய்யும் மழைதான் பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு, மருதாநதி, மஞ்சளாறு அணைகளுக்கு வருகிறது. அந்த மலையின் நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்றது அது. காரணம், மரத்தோட்டங்களும் விவசாயமும். ஆம், நம் விவசாயமும்தான்.

எனவே குறை செயற்கைக்கோளிடம் இல்லை. நாம் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் அது சொல்லும். பிரேசில் 1988 முதல் அமேசானில் இயற்கைக் காடு எவ்வளவு அழிக்கப்பட்டது என்பதை மட்டும் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. புதிதாக நட்ட மரத்தைக் காட்டி அந்த இழப்பை அங்கே மறைக்க முடியாது. 2004இல் சுமார் 27,800 சதுர கிலோமீட்டராக இருந்த ஓராண்டு அழிப்பு, 2012இல் சுமார் 4,600 ஆகக் குறைந்தது. படம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. படத்தை வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்தார்கள்.

ஒரே படத்தில் எல்லா மரமும் ஒன்றுபோலத் தெரியலாம். பல தேதிகளில் எடுத்த படங்களை அடுக்கினால் வித்தியாசம் புலப்படும். குறுவையையும் சம்பாவையும் நாள் வைத்துப் பிரித்தறிவது போலத்தான் இதுவும். பனிக்காலம் முடிந்ததும் புல் காய்ந்து நிறம் மாறும்; வாட்டில் மாறாது. இதனுடன் சரிவு, ஓடை, நில எல்லை ஆகியவற்றைப் புவியியல் தகவல் முறையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சில இடங்களை நேரில் நடந்து சரிபார்த்தால் நம்பகமான வரைபடம் கிடைத்துவிடும். அந்நிய மரங்களை அகற்றும் பணிக்கும் இது அவசியம். செங்குத்துச் சரிவில் மொத்தமாக வெட்டினால் மண் அணைக்குள் வந்து சேரும். சில இடங்களில் வாட்டில் நிழலிலேயே சோலைமரக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை மாவட்டத்துக்கு ஒற்றை எண் சொல்லாது.

வனத்துறை ஒவ்வொரு அணையின் நீர்ப்பிடிப்புக்கும் சோலை, புல்வெளி, மரத்தோட்டம், தனியார் தோப்பு எனத் தனித்தனியே பரப்பளவை வெளியிட வேண்டும். பாசன விவசாயிகள் சங்கங்கள் இதைக் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் கேட்கலாம். நீங்களே பார்க்கவும் வழி உண்டு. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் உங்கள் ஊர் மலையைக் காணலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களைத் தேடுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் படங்களில் பெரும்பாலும் மேகம்தான் தெரியும்.