நர்ஸ் தேவதையல்ல

நமது கதைகளிலே ஒரு நர்ஸ் வருகிறாள். வெள்ளை உடுப்பு, மெல்லிய நடை, எந்நேரமும் ஒரு புன்னகை. கதாநாயகனுக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் ஈரத்துணி போடுவாள்; அவன் கண் விழித்தால் தலை குனிவாள்; அவன் வேறொருத்தியை மணந்துகொண்டால் ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுவாள். சினிமாவிலும் இதே கதைதான். 1961-இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் சரோஜாதேவி ஏற்ற நர்ஸ் வேஷத்துக்காக உருகிய குடும்பங்கள் எத்தனை! உருகியதெல்லாம் அவளுடைய தியாகத்துக்காக. அவளுடைய தொழிலுக்காக அல்ல. கதையில் வரும் நர்ஸின் கையிலிருக்கும் மருந்து எது, அளவு என்ன என்று எழுதுகிறவர் சொல்வதுமில்லை; படிக்கிறவர் கேட்பதுமில்லை.

அழகான சித்திரம்தான். ஆனால் அது பொய் என்றும், கெடுதல் விளைக்கிற பொய் என்றும் நான் சொல்கிறேன். ஏனென்றால் தேவதைக்குப் படிப்பு வேண்டாம். தேவதைக்குச் சம்பளம் வேண்டாம். தேவதைக்குக் களைப்பு வராது. ஆகவே அவளைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைக்கலாம். தேவதை தவறு செய்யமாட்டாள். ஆகவே ஒரு தவறு நேர்ந்துவிட்டால் அந்த நிமிஷமே அவளைப் பிசாசாக்கி விடலாம். இத்தனை அநியாயமும் அந்த ஒரு வார்த்தைக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

விளக்கேந்திய சீமாட்டி என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1854-இல் கிரிமியா யுத்தத்துக்குத் தொண்டு செய்யப் போனவர். இரவில் விளக்கோடு வார்டைச் சுற்றி வந்தவர். அந்த விளக்கு நமக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. காயம் பட்டுச் செத்த சிப்பாய்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம் என்று கணக்கெடுத்து, அதை வண்ணப் படமாக வரைந்து, அரசாங்கத்தின் கண்ணெதிரே நீட்டியவரும் அதே சீமாட்டிதான். லண்டன் ஸ்டாட்டிஸ்டிகல் சொஸைட்டி 1858-இல் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கத்தில் இடம் பெற்ற முதல் பெண் அவர். நாம் விளக்கை வைத்துக்கொண்டு கணக்கைத் தூக்கி எறிந்துவிட்டோம்.

"என்ன சார் பெரிய கணக்கு? டாக்டர் எழுதுகிறார்; நர்ஸ் கொடுக்கிறாள். எழுதினதை வாசிக்கத் தெரிந்தால் போதாதா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல படிப்பாளிகளே கேட்கிறார்கள். அவர்களுக்கு வார்டிலிருந்து சில உதாரணங்கள் சொல்லுகிறேன்.

இருதயம் பலவீனப்பட்ட ஒரு கிழவருக்கு டிகாக்ஸின் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இந்தக் குடும்பத்து மருந்தின் மூலம் ஒரு பூச்செடி. 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் அதைப் பற்றிப் புத்தகம் எழுதி உலகறியச் செய்தார். குணம் செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் கொஞ்சம். ஆகவே மாத்திரையைக் கொடுக்குமுன் ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு அறுபதுக்குக் கீழே போயிருந்தால் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதோடு தீர்ந்ததா? அதே கிழவருக்குக் கால் வீக்கம் வடிய ஃப்ரூஸமைடும் எழுதியிருக்கிறது. அது சிறுநீரோடு பொட்டாஸியத்தையும் வெளியேற்றுகிறது. உடம்பில் பொட்டாஸியம் குறைந்தால் டிகாக்ஸினின் விஷம் ஏறும். மாத்திரைகள் இரண்டும் தனித்தனியே நல்லவை. சேர்ந்தால் ஒன்றுக்கு மற்றொன்று காவல் வேண்டும். பொட்டாஸியம் குறைந்ததென்று மருந்தாக ஏற்றுவதாலோ, பொட்டாஸியம் குளோரைடை நீர்க்கச் செய்து மெதுவாக டிரிப்பில் விட வேண்டும். குப்பியிலிருந்தபடியே நரம்பில் ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். இதெல்லாம் டாக்டரின் கையெழுத்தில் எங்கே இருக்கிறது? கட்டிலருகே நிற்கிறவளின் மண்டைக்குள் இருந்தால்தான் உண்டு.

அடுத்த கட்டிலில் ஆபரேஷன் ஆனவர் வலியால் துடிக்கிறார். மார்ஃபின் கொடுக்க வேண்டும். அன்பு மட்டும் உள்ளவள் உடனே கொடுப்பாள். அறிவும் உள்ளவள், மூச்சை எண்ணிவிட்டுக் கொடுத்து, கொடுத்த பிறகும் எண்ணுவாள். மூச்சை அடக்கிவிடும் குணம் அந்த மருந்துக்கு உண்டு, அதற்கு மாற்று நாலக்ஸோன் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த கட்டிலில் பென்ஸிலின். முன்பு எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வந்ததுண்டா என்று கேட்காமல் ஊசியைத் தூக்கக் கூடாது; தூக்குமுன் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மருந்துகளுக்கும் குடும்பமும் கோத்திரமும் உண்டு. அடெனலால், மெட்டோப்ரலால் என்று 'லால்' போட்டு முடிந்தால் அது நாடியைத் தணிக்கும் குடும்பம், ஆஸ்துமாக்காரருக்கு ஆபத்து. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' போட்டு முடிந்தால் ரத்த அழுத்தத்துக்கு. வறட்டு இருமல் வரும், கர்ப்பிணிக்கு ஆகாது. நர்ஸிங் படிக்கிற பெண்ணுக்கு ஆயிரம் கம்பெனிப் பெயர்களை உருப்போடச் சொல்வதில் பிரயோஜனமில்லை. குடும்பத்தைக் கற்றுக்கொடுத்தால், நாளைக்கு வரப்போகிற புதுப் பெயரையும் அவள் இனங்கண்டுகொள்வாள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்து சரிகளைச் சுலோகம் மாதிரி ஒப்பிக்கச் சொல்கிறார்கள். ஒப்பிக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த ஐந்தும் சரியாக அமைவதற்கு அவளைச் சுற்றியிருக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்ற ஆறாவது கேள்வியை யார் கேட்பது?

நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட இன்ஸுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நமது நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் விற்கிறது. 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. முன்னதற்குச் சிவப்பு மூடி ஸிரிஞ்சு. பின்னதற்கு ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சு. நூறு யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி ஸிரிஞ்சில் இருபது என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட்! வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பி, மூளைக்கே கேடு வரலாம். மாறாக, நாற்பது யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி ஸிரிஞ்சில் அதே இருபது வரை இழுத்தால் போவது எட்டே யூனிட். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவிலே, மங்கிய விளக்கில், ஒரு மனித உயிர். இரண்டு அளவில் மருந்தை விற்கும் உலகத்தை ஒன்றும் சொல்லாமல், மாறி எடுத்தவளை மட்டும் 'கவனமில்லாதவள்' என்று ஏசுவது எந்த ஊர் நியாயம்?

2006-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் குறை மாதத்தில் பிறந்த குழந்தைகள் மூன்று இறந்தன. ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தார்கள். மில்லிக்கு 10 யூனிட் உள்ள குப்பி இருக்க வேண்டிய இடத்தில், மில்லிக்கு 10,000 யூனிட் உள்ள குப்பியை மருந்துப் பிரிவு ஊழியர் வைத்துவிட்டார். இரண்டு லேபிளும் நீலம். மறு வருஷமே லாஸ் ஏஞ்சலிஸில் நடிகர் டென்னிஸ் க்வெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்கும் அதே ஆயிரம் மடங்குப் பிழை நேர்ந்தது. அந்தக் குழந்தைகள் பிழைத்துக்கொண்டன. ஊர் வேறு, நர்ஸ் வேறு, பிழை ஒன்றே! அப்படியானால் குற்றம் ஒரு பெண்ணின் குணத்தில் இல்லை. குப்பியிலும் அலமாரியிலும் இருக்கிறது.

"அப்படியானால் நர்ஸ் என்ன செய்தாலும் மன்னித்துவிட வேண்டுமோ?" என்பீர்கள். இல்லை. 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரத்தில் ஒரு நர்ஸ், பயத்தைத் தணிக்கும் வெர்ஸெட் என்ற மருந்துக்காக மருந்து யந்திரத்தில் முதல் இரண்டு எழுத்துக்களைத் தட்டினார். யந்திரம் காட்டிய வெக்யூரோனியத்தை எடுத்துவிட்டார். அது தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து. குப்பியின் மூடியிலேயே எச்சரிக்கை இருந்தது, அவர் வாசிக்கவில்லை. கொடுத்த பிறகு பக்கத்தில் இருந்து கவனிக்கவுமில்லை. நோயாளி இறந்தார். இவை சின்னப் பிழைகளல்ல. ஆனால் தவறைத் தாமே ஒப்புக்கொண்ட அந்தப் பெண்ணை 2022-இல் கிரிமினல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள். ஆஸ்பத்திரி மீது கிரிமினல் வழக்கு ஏதும் இல்லை. இதிலிருந்து மற்ற நர்ஸ்கள் கற்கும் பாடம் என்ன? லேபிளை வாசி என்பதா, வாயை மூடு என்பதா? ஒப்புக்கொண்டால் ஜெயில் என்று ஆகிவிட்டால், நேர்ந்த தவறுகள் கேஸ் ஷீட்டின் அடியிலே புதைந்து போகும்; அடுத்த வாரம் அடுத்த வார்டில் அதே தவறு முளைக்கும். பொறுப்பைக் கேளுங்கள், பலி கேட்காதீர்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் தர வேண்டுமென்று சிபாரிசு செய்தது. கோர்ட் வரைக்கும் போய்க் கேட்க வேண்டியிருந்தது என்பதிலேயே நமது லட்சணம் தெரிகிறது. ஏ.ஸி.க்கும் பளிங்குத் தரைக்கும் பணமிருக்கிறது. ராத்திரி டியூட்டிக்கு இன்னொரு பெண்ணைப் போடப் பணமில்லை என்கிறார்கள்.

நோயாளியின் உறவினர்களாகிய நாம் மட்டும் யோக்கியர்களா? அவள் மருந்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "சிஸ்டர், ஃபேன் சுற்றவில்லை" என்று கூப்பிடுகிறோம். நோயாளியின் பெயரை இரண்டாம் தடவை கேட்டால், "இப்போதுதானே சொன்னேன்" என்று எரிந்து விழுகிறோம். அவள் கேட்பது மறதியால் அல்ல, ஐயா. உங்கள் தகப்பனாரின் உயிருக்காகக் கேட்கிறாள். வீட்டில் அவர் சாப்பிடுகிற மாத்திரைகள் என்னவென்று கேட்டால், "ஏதோ பிரஷருக்கு, வெள்ளையாய்ச் சின்னதாய் இருக்கும்" என்கிறோம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

வருஷா வருஷம் மே 12-ஆம் தேதி நர்ஸ்கள் தினம் என்று ரோஜாப்பூ கொடுத்துக் கவிதை வாசிக்கிறார்கள். பூ வாடிவிடும், கவிதையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது நல்ல பாடம், தெளிவான லேபிள், நியாயமான சம்பளம், எண்ணுகிற நேரத்தில் நிம்மதி, சந்தேகம் வந்தால் எந்தப் பெரிய டாக்டரையும் கேட்கிற உரிமை.

கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இனி உங்கள் கதையில் நர்ஸ் வந்தால் அவளை ஜன்னலோரம் நிறுத்தி அழ வைக்காதீர்கள். கையிலிருக்கும் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு டெலிபோனை எடுத்து, தூக்கக் கலக்கத்திலிருக்கும் டாக்டரிடம், "சார், இந்த அளவு எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபடி பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவள் சொல்லட்டும்.