பார்க்கத்தானே கொடுத்தாங்க?

முதலில் ஒரு வாக்குமூலம். போன வருஷம் ஐ.வி. போயிட்டு வரும்போது, எங்க க்ளாஸ் பொண்ணு ஒருத்தி பஸ்ஸில் ஆடின போட்டோவை இன்ஸ்டாகிராமில் ஸ்டோரியாகப் போட்டாள். எல்லாருக்கும் இல்லை; 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' லிஸ்டுக்கு மட்டும். பச்சை வளையம் வருமே, அதேதான். அந்த லிஸ்டில் நானும் இருந்தேன். செம போட்டோன்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து க்ளாஸ் வாட்ஸ்அப் க்ரூப்பில் தட்டிவிட்டேன்.

மூணாவது நாள் அது ஊரில் இருக்கும் அவளோட சித்தப்பா ஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த மாசம் வெளியூர் காலேஜ் சிம்போசியத்துக்கு அவளை வீட்டில் அனுப்பவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அவள் தயார் செய்த பேப்பரை வேறொருத்தர் ப்ரெசன்ட் பண்ணினார். நான் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தேன்தான். ஆனால் ஏற்கெனவே ஃபார்வர்டு ஆனதை அது என்ன செய்யும்?

"அவளேதானே போட்டா?" என்று நீங்க கேட்கலாம். அன்னைக்கு நானும் அதைத்தான் சொன்னேன். நம்பி வீட்டுக்குள்ள விட்டவங்க சமையற்கட்டைப் பார்த்திருப்பீங்க. அதைத் தெருவில் போய்ச் சொல்வீங்களா?

ஆத்தென்டிகேஷனுக்கும் ஆத்தரைசேஷனுக்கும் என்ன வித்தியாசம்னு பார்ட் ஏ-வில் ரெண்டு மார்க்குக்கு எழுதுறோம். உள்ளே வந்தவர் யார் என்பது ஒன்று. வந்தவர் என்னென்ன செய்யலாம் என்பது வேறு. போட்டோவுக்கும் அதே கணக்குதான். பார்க்க அனுமதி கிடைத்ததாலேயே பரப்ப அனுமதி கிடைத்துவிடாது. அந்தரங்கப் படங்கள் விஷயத்தில் சட்டமே இதைப் பிரித்துச் சொல்கிறது: ஒரு பெண் படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், சம்மதமில்லாமல் அதைப் பிறருக்குப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம்.

ஆப்பை மட்டும் நம்பவும் முடியாது. ஸ்டோரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் இன்ஸ்டாகிராம் போட்டவருக்குச் சொல்வதில்லை. வாட்ஸ்அப்பின் 'வியூ ஒன்ஸ்' ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும். பக்கத்தில் இன்னொரு ஃபோனைப் பிடித்தால் அதுவும் காலி. செட்டிங்ஸ் வெளியாளைத்தான் நிறுத்தும். உள்ளே இருக்கும் நம்மை நாமதான் நிறுத்திக்கணும்.

நம்ம பர்த்டே ஸ்டேட்டஸ் கலாசாரத்தையும் கொஞ்சம் யோசிங்க. தூங்கும்போது வாயைப் பிளந்திருக்கும் போட்டோவைத் தேடி எடுத்துப் போடுறோம். சிலர் சிரிப்பாங்க, சிலர் சிரிக்கிற மாதிரி நடிப்பாங்க. பசங்களுக்கும் இது பொருந்தும். "போடவா மச்சி?" என்று கேட்க அஞ்சு செகண்ட்கூட ஆகாது. "வேணாம்"னு சொன்னால் காரணம் கேட்காம விட்டுடுங்க.

அவள் என்கிட்ட சண்டை போடவில்லை. "உன்னை நம்பித்தானே லிஸ்ட்ல வெச்சேன்" என்று மட்டும் சொன்னாள். இப்போ அந்தப் பச்சை வளையம் எனக்கு வருவதில்லை. உங்களுக்கு யாரோடதாவது வருதுன்னா, அவங்க உங்களை நம்புறாங்கன்னு அர்த்தம். அதைக் காப்பாத்திக்கோங்க.